உடன் பயில்வோரின் கால் பங்கு

முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தனியாக உட்கார்ந்துதான் எழுத வேண்டும், முடியும்வரை நெறியாளர் தவிர யார் கண்ணிலும் அது படக் கூடாது. தமிழ்நாட்டின் தமிழ், வரலாறு, மெய்யியல் துறைகளில் இதை மறுத்துப் பேசுபவர்கள் குறைவு. திருவண்ணாமலையில் இந்தக் கருத்துக்கு மலையையே சாட்சிக்கு அழைப்பார்கள். குகையில் மௌனமாக இருந்தவர்களின் ஊர் இது, எழுத்தும் தவம்தான், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் தானாக வரும் என்பார்கள். நான்காம் ஆண்டில் மூன்றாம் இயலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஆய்வாளருக்குக் கிடைக்கிற அறிவுரையும் இதுவே. மூன்று நான்கு ஆய்வாளர்கள் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கூடி, ஒருவர் எழுதிய பக்கங்களை மற்றவர்கள் வாசித்துக் கருத்துச் சொல்லும் எழுத்துக் குழு ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "அப்புறம் பட்டம் யாருக்கு?" என்பது.

இந்தத் தரப்பில் பொருட்படுத்த வேண்டிய வாதங்கள் உண்டு. ஆய்வேட்டின் முதல் பக்கங்களில் ஆய்வாளர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திடுகிறார்: இது என் சொந்த உழைப்பு, வேறெந்தப் பட்டத்துக்கும் தரப்படாதது. பட்டம் என்பதே ஒருவர் தன் காலில் நின்று ஆராய வல்லவர் என்பதற்கான சான்று. வழிகாட்ட நெறியாளர் இருக்கிறார், மேற்பார்க்க ஆலோசனைக் குழு இருக்கிறது. இவர்களுக்கு மேல் சக மாணவர்கள் ஆளுக்கொன்று சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். சொல்லப்போனால் அந்தப் பொருள் அவர்களுக்கும் தெரியாது. கருத்து களவு போகலாம். கூடினால் அரட்டை வளரும். கலைப் பிரிவு ஆய்வில் எழுதுகிறவரின் குரல் முக்கியம், பலர் கை வைத்தால் அது மழுங்கிவிடும். நல்ல ஆசிரியர்கள் பலர் மனதாரச் சொல்வது இதைத்தான். ஆனாலும் இது தவறு. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

1. குகையில் எழுதியவை தனிமையில் எழுதப்பட்டவை என்று யார் சொன்னது?

திருவண்ணாமலையிலிருந்தே தொடங்குவோம். ரமணர் விருபாட்ச குகையில் பேசாமல் இருந்த ஆண்டுகளில் உருவானவை 'விசார சங்கிரகம்', 'நான் யார்?' என்ற இரண்டு நூல்கள். முதலாவது, கம்பீரம் சேஷய்யர் என்ற நகராட்சி ஊழியர் கேட்ட ஐயங்களுக்கு ரமணர் துண்டுத் தாள்களில் எழுதித் தந்த பதில்களிலிருந்து வந்தது. இரண்டாவது, 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளிலிருந்து பிறந்தது. அவர் மெய்யியல் படித்தவர், வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். கேள்வி-பதிலாக இருந்ததைப் பின்னால் ரமணரே கட்டுரையாக மாற்றி எழுதினார். முதல் வரைவும் திருத்திய வரைவும் என்று இன்றைய ஆய்வாளர் சொல்வது இதைத்தானே?

'உள்ளது நாற்பது' உருவான விதம் இன்னும் பொருத்தமானது. ரமணர் அவ்வப்போது எழுதிய உதிரி வெண்பாக்களை அவருடைய அடியாரான முருகனார் திரட்டி வைத்தார், அவற்றை நாற்பதாக நிறைவு செய்யும்படி கேட்டார். 1928இல் ரமணர் புதிய பாக்கள் எழுதினார். எழுத எழுத, பழைய பாக்களில் பலவும் வரிசைக்குப் பொருந்தாமல் நீங்கின. நீங்கியவை பிறகு அனுபந்தத்தில் சேர்ந்தன. ஒருவர் முன்னால் உட்கார்ந்து கேட்டு, தொகுத்து, எது நிற்கும் எது நிற்காது என்று பேசியதன் விளைவு அந்த நூல். அதனால் அதை முருகனாருடைய நூல் என்று எவரும் சொன்னதில்லை. மௌனத்துக்குப் பெயர்போன மலையிலேயே இந்த நூல்கள் கேட்பவர் இருந்தபோதுதான் வந்திருக்கின்றன.

2. நெறியாளர் ஒருவரே போதும் என்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் நெறியாளராக இருக்கலாம். இணைப் பேராசிரியர் ஒருவரிடம் ஆறு பேர், ஆளுக்கு 300 பக்க ஆய்வேடு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,800 பக்கங்கள். ஒவ்வொரு இயலையும் இரண்டு முறை வாசித்தால் 3,600. இளங்கலை வகுப்புகள், தேர்வுத்தாள் திருத்தம், தர மதிப்பீட்டுக்கான கோப்புகள், சேர்க்கைப் பணி எல்லாம் இதற்கு மேல். நெறியாளர்கள் வரைவைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பதில் சொல்வதில்லை என்ற குறை எல்லாத் துறைகளிலும் கேட்கிறது. அதை அவர்களுடைய அக்கறையின்மை என்று சொல்வது பெரும்பாலும் நியாயமில்லை. வேலை அளவுக்கு மீறியது.

ஆலோசனைக் குழு? விதிப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன்முன் ஆய்வாளர் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 180 நாட்கள். அந்த நாட்களில் எழுதிய பத்தி புரிகிறதா, வாதம் நிற்கிறதா என்று யாரிடம் கேட்பது? திருவண்ணாமலைக் கல்லூரிகள் இணைந்திருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் காட்பாடியை அடுத்த சேர்க்காட்டில் இருக்கிறது. வேலூருக்கே எண்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பகுதிநேர ஆய்வாளர்களோ செங்கத்திலும் போளூரிலும் தண்டராம்பட்டிலும் பள்ளி ஆசிரியர்களாகவும் கௌரவ விரிவுரையாளர்களாகவும் வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவர்கள்.

இவ்வளவுக்கும் நெறியாளர் மட்டும் போதாது என்பது புதிதாக வந்த கருத்து கிடையாது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் இதைப் பங்கு பிரித்தே சொல்லியிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை முழுவதும் உள்வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது புலமையில் கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால் வரும். எடுத்துரைக்கும்போதுதான் மீதி அரை நிரம்பும். இலக்கணம் படித்தவர்கள் அனைவரும் இதை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். தமிழ்த் துறைகளில் தேர்வுக் கேள்வியாகவும் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்தத் துறைகளிலேயே ஆய்வாளருக்கு முதல் கால் பங்கை மட்டும் ஒதுக்கிவிட்டு, மிச்ச முக்காலை அறைக்குள் தனியாகத் தேடிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

3. கூடிப் பேசினால் சொந்தச் சிந்தனை கெடும் என்றால், அறிவியல் துறைகளில் ஏன் கெடவில்லை?

வேதியியலிலும் உயிரியலிலும் ஆய்வுக்கூடக் குழு தவறாமல் கூடுகிறது. ஒருவர் தன் முடிவுகளைக் காட்டுகிறார், மற்றவர்கள் ஓட்டைகளைக் காட்டுகிறார்கள். அங்கே யாரும் பட்டம் யாருக்கு என்று கேட்பதில்லை. செப்பேடோ சங்கப் பாட்டோ எடுத்து ஆராய்கிறவருக்கு மட்டும் பேச்சு எப்படித் தீங்காகிறது என்பதற்கு இதுவரை ஒருவரும் விளக்கம் சொன்னதில்லை.

கலைப் பிரிவிலும் சான்றுக்குப் பஞ்சமில்லை. ரணஜித் குஹாவைச் சுற்றி 1970களின் இறுதியில் இளம் வரலாற்றாளர்கள் சிலர் கூடினார்கள்: ஷாஹித் அமீன், டேவிட் ஹார்டிமன், பார்த்தா சாட்டர்ஜி, தீபேஷ் சக்ரவர்த்தி, ஞானேந்திர பாண்டே. ஒருவர் வரைவை மற்றவர் வாசித்துச் சண்டை போட்ட அந்தக் கூட்டிலிருந்து 1982இல் விளிம்புநிலை ஆய்வுகளின் முதல் தொகுதி வந்தது. பின்னாளில் அமீன் சௌரி சௌராவைப் பற்றி எழுதியதும் சாட்டர்ஜி தேசியவாதத்தைப் பற்றி எழுதியதும் ஒரே கை எழுதியவை போலவா இருக்கின்றன? சேர்ந்து வாசித்தவர்களின் குரல் மழுங்கும் என்பது உண்மையானால் அவர்கள் எல்லாரும் ஒரே குரலில் எழுதியிருக்க வேண்டும்.

உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த கதை தமிழாய்வாளர்களுக்குத் தெரியாததல்ல. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் தூண்டியபோது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரான சாமிநாதையருக்கே அந்த நூல் பிடிபடவில்லை. முதலியாரோடு உட்கார்ந்து வாசித்தார். போதவில்லை. ஊரிலிருந்த சமணர்கள் சிந்தாமணியைக் கூடிப் படிப்பது தெரிந்து அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டார். பல சொற்களுக்குப் பொருள் அங்கேதான் கிடைத்தது. பதிப்பு 1887இல் வந்தது. உழைப்பு அவருடையது, பெயரும் அவருடையது. இதில் யாருக்கும் இன்றுவரை ஐயமில்லை.

திருவண்ணாமலைக் கோயிலையும் ஊரையும் பற்றி இதுவரை நடந்தவற்றில் மிக விரிவான ஆய்வு எதுவென்று கேட்டால், பிரெஞ்சு, இந்திய அறிஞர்கள் 1989 தொடங்கி வெளியிட்ட தொகுதிகளைத்தான் காட்ட வேண்டும். கட்டடக் கலையை பிரான்சுவாஸ் லெர்னோ முதலியோர் ஆராய்ந்தார்கள். கோயிலைச் சார்ந்த சமூக அமைப்பை மேரி-லூயிஸ் ரெனிஷ் எழுதினார். கல்வெட்டுகளை பி.ஆர்.சீனிவாசன் தொகுத்தார். ஊரின் வளர்ச்சியைப் பற்றிய ஆய்வில் கிறிஸ்டோஃப் கில்மோட்டோ சேர்ந்துகொண்டார். கல்வெட்டு வாசிப்பவர் இல்லாமல் சமூகவியலாளர் தேவரடியாரையோ நிலக் கொடையையோ தொட முடியாது. கட்டடம் படிப்பவர் இல்லாமல் கல்வெட்டு எந்தச் சுவரில், எந்தக் காலத்துக் கட்டுமானத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. கூடி வேலை செய்தார்கள். தொகுதிகளில் ஒவ்வொருவர் பெயரும் தனித்தனியாகவே இருக்கிறது. ஊரைப் பற்றிய நூல்களே இப்படிப் பிறந்திருக்க, அந்த ஊரில் இருந்துகொண்டு ஆய்வு செய்பவருக்கு மட்டும் வேறு சட்டமா?

4. தெரியாதவர்கள் கூடி என்ன தெரிந்துகொள்ளப் போகிறார்கள்?

எதிர்த் தரப்பின் வலுவான வாதம் இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதுவே வலுவற்றது. ஒரு குழுவைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஒருவர் செங்கம் நடுகற்களை ஆராய்கிறார். பல்லவர் காலத்து வட்டெழுத்து நடுகற்கள் அந்த வட்டாரத்தில் நிறைய உண்டு. தொல்லியல் துறை 1972லேயே அவற்றைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. இன்னொருவர் செய்யாறு பக்கத்துப் புரிசைத் தெருக்கூத்தைப் பற்றி எழுதுகிறார். மூன்றாமவர் மலைபடுகடாத்தில் வரும் நன்னனின் நாட்டை ஆராய்கிறார்.

கூத்து ஆய்வாளருக்கு வட்டெழுத்து வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் நடுகல் ஆய்வாளரின் பத்தியை வாசித்துவிட்டு, "இந்த வீரன் செத்தது மாட்டைக் கவர்ந்ததிலா, மீட்டதிலா? முன் பக்கத்தில் ஒன்று சொல்கிறீர்கள், இங்கே வேறு சொல்கிறீர்கள்" என்று அவர் கேட்க முடியும். இந்தக் கேள்வி நிபுணருக்கு எழாது. நிபுணர் விட்டுப்போனதைத் தானாக நிரப்பிக்கொண்டு வாசிப்பார். பொருள் தெரியாத ஆனால் கூர்ந்து வாசிக்கிற ஒருவருக்கு மட்டுமே வாதத்தின் இடைவெளி தட்டுப்படும். ஆய்வேட்டை மதிப்பிடும் வெளித்தேர்வாளரும் பெரும்பாலும் அதே துல்லியத் தலைப்பில் வேலை செய்தவராக இருக்கமாட்டார். அவர் கேட்கப்போவதை ஓர் ஆண்டுக்கு முன்பே கூத்து ஆய்வாளர் கேட்டுவிடுகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. மற்றவர் பத்தியில் தவறைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் தன் பத்தியிலும் அதைப் பார்க்கத் தொடங்குகிறார். நன்னூல் சொல்லும் அந்த மீதி அரைப் பங்கு இப்படித்தான் நிரம்புகிறது. பீட்டர் எல்போ 1973இல் எழுதிய 'ஆசிரியர் இல்லாத எழுத்து' என்ற ஆங்கில நூல், ஆசிரியரே இல்லாத வகுப்பில் எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் வாசகர்களாக இருந்தே தேறமுடியும் என்று வாதிட்டது. அங்கே வாசகர் தீர்ப்புச் சொல்வதில்லை. வாசிக்கும்போது தனக்குள் என்ன நடந்தது, எங்கே பிடி நழுவியது என்று மட்டும் சொல்கிறார். அதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை.

5. களவு போய்விடுமே?

களவு இருளில் நடக்கிறது. நாலு பேர் முன்னால் தேதியோடு வாசிக்கப்பட்ட இயலை ஐந்தாமவர் திருடிக்கொண்டு போக முடியாது, நால்வரும் சாட்சி. தலைப்புகள் வேறு வேறாக இருக்கும்படி குழுவை அமைத்தால் ஆசையும் குறையும்.

களவைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுகிறவர்கள் வேறொரு திசையில் பார்க்க வேண்டும். கல்லூரிகளைச் சுற்றித் தட்டச்சுக் கடைகளாகத் தொடங்கிய இடங்களில் சில, பணம் வாங்கிக்கொண்டு இயல்களையே எழுதித் தருகின்றன என்பதைத் துறைகளில் அறியாதவர் இல்லை. அங்கே போகிறவர்கள் எல்லாரும் சோம்பேறிகளா? ஐந்து ஆண்டுகள் ஒருவரிடமும் காட்டாமல் எழுதி, அழித்து, காலக்கெடு நெருங்கியதும் கைவிட்டவர்களும் அவர்களில் உண்டு. 2018இல் மானியக் குழு கொண்டுவந்த விதிகள் 10 சதவீதத்துக்கு மேல் ஒப்புமை இருந்தால் திருத்தச் சொல்கின்றன, 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவையே ரத்து செய்கின்றன. ஆனால் கூலிக்குப் புதிதாக எழுதித் தந்ததை எந்த மென்பொருளும் காட்டிக்கொடுக்காது. மாதம் இருமுறை ஒருவரின் நடையை, தடுமாற்றத்தை, திருத்தங்களைப் பார்த்துவந்த மூன்று பேருக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். சொந்த உழைப்பு என்ற உறுதிமொழிக்கு எழுத்துக் குழுவைவிட நல்ல காவல் வேறில்லை. தனிமையைக் காப்பதாக நினைத்துத் துறைகள் இந்தக் காவலைத்தான் வெளியே நிறுத்தியிருக்கின்றன.

6. அரட்டை?

வளரும், விதி இல்லாவிட்டால். நாலு பேருக்கு மேல் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பக்கம், மூன்று நாள் முன்னதாகக் கைக்கு வர வேண்டும். வாசிக்காமல் வருபவர் அன்று பேசக் கூடாது. மற்றவர்கள் புரிந்துகொண்டதைச் சொல்லி முடிக்கும்வரை எழுதியவர் விளக்கம் சொல்லக் கூடாது, ஏனென்றால் தேர்வாளரின் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்ல அவரால் முடியாது. அடுத்த முறை என்ன கொண்டுவருவேன் என்று ஒவ்வொருவரும் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். எழுத்தாளர் பவா செல்லதுரை திருவண்ணாமலையில் நடத்திய 'முற்றம்' இலக்கியக் கூட்டங்களுக்கு எத்தனையோ பேர் வேலை முடிந்து வந்து உட்கார்ந்து கேட்டுப் போயிருக்கிறார்கள். கூடினால் வெட்டிப் பேச்சுதான் என்ற முடிவுக்கு இந்த ஊரில் இருந்துகொண்டு வருவது விந்தை.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1989இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இங்கே சொல்லலாம். கல்லூரி ஆசிரியர்களை மூன்றாகப் பிரித்தார். வழக்கம்போல எழுதியவர்கள் ஆண்டுக்குச் சராசரி 17 பக்கம் எழுதினார்கள். தினமும் கொஞ்சம் எழுதிக் கணக்கு வைத்தவர்கள் 64. தினமும் எழுதியதோடு அதைப் பிறரிடம் கணக்குக் காட்டியவர்கள் 157. சிறிய ஆய்வு. அதன் முறையைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு, எழுதியவர்கள் மாணவர்களும் அல்லர். எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தினமும் எழுதியவர்களுக்குள்ளேயே பிறர் கேட்பார்கள் என்பதால் இவ்வளவு வேறுபாடு வந்தது என்றால், தனிமை தானாகவே எழுத வைக்கும் என்று நம்புகிறவர்கள் தங்கள் பக்கத்துக்கு ஓர் எண்ணையாவது காட்ட வேண்டாமா?

7. இப்போதுள்ள முறையே போதும் என்றால் அதன் விலையை யார் தருகிறார்கள்?

அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகள் மன்றம் 2008இல் வெளியிட்ட கணக்கின்படி, கலைப் பிரிவில் சேர்ந்தவர்களில் பத்து ஆண்டுக்குள் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 49 சதவீதம், பொறியியலில் 64 சதவீதம். ஆய்வுக்கூடமும் குழுவும் இருக்கும் துறையில் முடிக்கிறவர்கள் கூடுதல். வேலைவாய்ப்பு, நிதி என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பணத்தட்டுப்பாடு குறைவான அங்கேயே கலைப் பிரிவில் பாதிப் பேர் பத்து ஆண்டுக்குள் முடிக்கவில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் இறுகியிருக்கிறது. 2022 விதிகள் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்திவிட்டன. அந்தப் பட்டத்தின் மேல் எவ்வளவு குறை சொன்னாலும், நூறு பக்க ஆய்வேடு ஒன்றை எழுதி ஒருமுறை தடுக்கி விழுந்து எழுந்திருக்க அது இடம் தந்தது. இப்போது முதுகலை முடித்தவர் பலர் வாழ்க்கையில் முதன்முதலாக எழுதும் நீண்ட உரைநடையே முனைவர் பட்ட ஆய்வேடு. எழுதக் கற்றுத் தரும் பாடம் இளங்கலையிலும் அரிது, முதுகலையிலும் அரிது. ஆய்வுக்கு ஆறு ஆண்டு, நீட்டிப்பு இரண்டு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. நல்ல விதிதான். ஆனால் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, மாமியார் வீட்டில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எழுதும் ஒரு பெண்ணுக்கு ஆண்டைக் கூட்டித் தந்துவிட்டு வாசகரைத் தராமல் விட்டால் அந்த இரண்டு ஆண்டும் அதே தனிமையின் நீட்டிப்பாகத்தான் இருக்கும். வெளியே போய் வாதிட்டுப் பழக வீடும் விடுவதில்லை, துறையும் இடம் தருவதில்லை. அவருக்கு இந்தக் குழு மற்ற எவரைவிடவும் தேவை.

இதற்கெல்லாம் துறைக்குப் பணம் வேண்டியதில்லை, ஆணையும் வேண்டியதில்லை. நெறியாளர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தன்னிடம் வரைவைத் தருமுன் அதைச் சக ஆய்வாளர்களுக்குக் காட்டலாம் என்று வாய்விட்டுச் சொல்வது. குழுவில் வாசித்தவர்களின் பெயரை நன்றியுரையில் எழுதச் சொல்வது. பல ஆய்வாளர்கள் காட்டாமல் இருப்பதற்குக் காரணம் நெறியாளர் கோபப்படுவாரோ என்ற பயம். கல்லூரி தர வேண்டியது சனிக்கிழமை பிற்பகலில் ஓர் அறையின் சாவி. பௌர்ணமியை ஒட்டிவரும் வார இறுதியில் கிரிவலக் கூட்டத்தால் பேருந்தில் நிற்கவே இடமிருக்காது, செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் வருகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அந்தச் சனிக்கிழமையை விட்டுவிட்டாலும் மாதத்தில் மூன்று மிஞ்சுகின்றன. இரண்டு போதும்.